ஆள் வருது

பீங்கானில் செய்த டிஷ்யூ பாக்கெட்.
எடை இருநூற்றுப் பத்து கிராம்.
பிளாஸ்டிக் உறையின் சுருக்கம் வரைக்கும் வார்ப்பில் வந்திருக்கிறது.
பன்னிரண்டு மட்டும்.
அடியில், சூளைக்குப் போகும் முன் கீறியது:
ஆள் வருது.
அதன்கீழ் எண், என் பெயரின் முதலெழுத்து.

கூடவே ஒரு மடிப்புப் புத்தகம், அதுவும் பன்னிரண்டு பிரதி.
அச்சுக் கோத்தது காக்கி புக்கிட்டில், மூன்றாம் மாடி,
கீழே டயர் கடை.
மடிப்புக்கு ஒரு நாற்காலி,
யாரும் இல்லாமல்.

விவரப் பட்டியலுக்கு ஆங்கிலம் வேண்டுமென்றாள் ஹுய் ஷான்.
ஆள் என்றால்?
மனிதர் என்றேன்.
பிறகு, வேலைக்கு எடுக்கப்படுகிறவர் என்றேன்.
அவனுக்கு மேலிடத்தில் ஆள் இருக்கிறது என்றால் செல்வாக்கு.
ஆளே மாறிவிட்டாள் என்றால் உடம்பு, அல்லது மனசு.
வினையாக நின்றால் அரசாட்சி.
இதில் எது வருகிறது?
அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொன்னேன்.
காலியாக விட்டால் கணினி ஏற்காதாம்.
ஒரு கோடு போட்டாள்.

ஒன்பதாவது சூளையில் விரிசல் விட்டது.
ஓரத்தில் மயிரிழை. தடவினால் தெரியாது,
சாய்த்துப் பிடித்தால் தெரியும்.
உடைத்துவிடு என்றாள் சூளைக்கார ரஸிடா,
பதினொன்றுதான் செய்தேன் என்று சொல்லிக்கொள்.
சொல்லலாம்.
மற்ற பதினொன்றின் அடியிலும்
பன்னிரண்டு என்று சுட்டாகிவிட்டது.

ஆக, ஒரு வெள்ளிக்கிழமை, பன்னிரண்டே முக்கால்,
தோ பாயோ உணவங்காடியில்
மீன்சூப் கடைக்கு எதிரே நாலு இருக்கை மேசையில்
ஒன்பதை வைத்துவிட்டு
தட்டு திருப்பித் தரும் அலமாரியோரம் நின்றேன்.

கழுத்தட்டை அணிந்த பெண் பார்த்தாள், விலகினாள்.
பள்ளிப் பையன்கள் மூன்று பேர்
அதைக் கண்டதும் குரலைக்கூடத் தாழ்த்திக்கொண்டார்கள்.
கொதிக்கும் சூப்போடு ஒருவர் சுற்றிச் சுற்றி வந்தார்,
கட்டைவிரல் சூப்பில்.
இருபத்து மூன்று நிமிடம்.
நாலு இருக்கையும் காலி.
வராத ஒருவருக்கு ஒரு தேசமே எழுந்து நிற்கிறது
என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்.
கண்காட்சிச் சுவருக்கு ஆகும்.

அப்புறம் அவர் வந்தார்.
மின்தூக்கி மாற்றுகிற புளோக்கிலிருந்து,
முழுக்கைச் சட்டை, சிமெண்ட் காய்ந்த பூட்ஸ்,
ஒரு விரலில் சோற்றுப் பை, இன்னொன்றில் கோப்பி.
பாக்கெட்டை எடுத்தார். கனம் ஏமாற்றியது;
கை ஒரு நொடி கீழே போய் மேலே வந்தது.
திருப்பினார்.
வாய்விட்டுப் படித்தார்.
அக்கம் பக்கம் பார்த்தார்.
“வந்தாச்சு” என்று சொல்லி உட்கார்ந்தார்.

சாப்பிட்டார், அவசரமே இல்லாமல்.
சூப்காரரைக் கைகாட்டி எதிரே உட்காரவைத்தார்.
நடுவில் ஒருதரம் அதன் வாயில் விரல்விட்டு
ஒரு தாளை உருவப் பார்த்தார்.
இரண்டு பேரும் சிரித்தார்கள்.

போகும்போது துப்புரவுப் பெண்ணிடம் தூக்கிக் காட்டினார்,
யாரோடது?
அவர் மாண்டரினில் ஏதோ சொல்லிக் கையை வீசினார்.
தலைக்கவசத்துக்குள் வைத்து எடுத்துப்போனார்.

நான் கூப்பிட்டிருக்கலாம்.
எண்ணூறு வெள்ளி.
இரண்டடி வைக்கவும் செய்தேன்.
என் கையில் யாருடையதோ எச்சில் தட்டு இருந்தது,
எப்போது எடுத்தேனோ.

சுவருக்கு எழுதிய வரியை அன்றிரவு அழித்தேன்.

பட்டியலில் ஒன்பதுக்கு எதிரே
தனியார் சேகரிப்பு, சிங்கப்பூர்.
பெயர் கேட்டு ஹுய் ஷான் மூன்று முறை எழுதிவிட்டாள்.
எனக்கு ஊரும் தெரியாது, அனுமதி அட்டை எண்ணும் தெரியாது.
எட்டும் பதினொன்றும் இன்னும் விற்கவில்லை.